சம்பளத்துக்குக் கிடைக்கும் நிவாரணம் பங்கிலாபத்துக்கு ஏன் இல்லை?

உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்கு 2025 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தம் மாதச் சம்பளம் பெறுவோருக்கு ஓரளவேனும் மூச்சுவிட இடமளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆண்டொன்றுக்கு 12 இலட்சம் ரூபாவாக இருந்த தனிநபர் நிவாரணம் அவ்வாண்டு ஏப்ரல் 1 ஆம் திகதி முதல் 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா வரை சம்பளம் பெறுவோர் வரி வலையிலிருந்து வெளியேறினர். இரண்டு இலட்சம் பெறுபவரிடமிருந்து மாதந்தோறும் 10,500 ரூபா அறவிடப்பட்டு வந்த இடத்தில் 3,000 ரூபா மாத்திரமே அறவிடப்படலாயிற்று. 2023 இன் ஆரம்பத்தில் வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வீதிக்கு இறங்கிப் போராடியதை நினைத்துப் பார்த்தால் இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் இந்நிவாரணம் எந்த வருமானத்துக்கு உரியது என்ற கேள்வியை எவரும் அதிகம் எழுப்பவில்லை. பெயரளவில் அது ஒருவரின் முழு வருமானத்துக்கும் உரியது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிலைமை வேறு. அப்போது அனைவருக்கும் 5 இலட்சம், தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு மேலதிகமாக 7 இலட்சம் என நிவாரணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2020 இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அரச வருமானம் சரிந்த கதை யாவரும் அறிந்ததே. 2022 டிசம்பரில் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டம் அதனை மீண்டும் 12 இலட்சத்துக்குக் குறைத்ததுடன், பங்கிலாபத்தின் மீது 15 வீத நிறுத்திவைத்தல் வரியையும் 2023 ஜனவரி முதல் விதித்தது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பங்கிலாபத்திலிருந்து கம்பனி கழித்துக்கொள்ளும் இந்த 15 வீதம் இறுதி வரியாகும். அதாவது, அந்த வருமானம் ஏனைய வருமானத்துடன் சேர்த்துக் கணக்கிடப்படுவதில்லை. எனவே நிவாரணத்தின் நிழல் அதன்மீது விழுவதுமில்லை. ஆண்டு முழுவதும் 6 இலட்சம் ரூபா பங்கிலாபத்தை மட்டுமே நம்பி வாழும் ஒரு விதவைத் தாயை எடுத்துக்கொள்வோம். அவருக்குரிய 18 இலட்சம் நிவாரணத்தில் ஒரு சதமேனும் பயன்படுத்தப்படவில்லை. ஆயினும் 90,000 ரூபா கழிக்கப்பட்ட பின்னரே பணம் அவர் கைக்கு வருகிறது. அதே 6 இலட்சத்தைச் சம்பளமாகப் பெறும் அயல்வீட்டுக்காரர் எதுவும் செலுத்துவதில்லை.

வட்டி வருமானத்துடன் ஒப்பிடும்போது இந்த வேறுபாடு மேலும் துலக்கமாகிறது. 2025 திருத்தம் வட்டி மீதான முற்பண வரியை 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்த்தியது உண்மையே. எனினும் மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் சுயபிரகடனம் ஒன்றை வங்கிக்குச் சமர்ப்பித்து அக்கழிவைத் தவிர்த்துக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது. பங்குகளை வைத்திருப்பவருக்கு அத்தகைய படிவம் ஏதுமில்லை. மார்க்க நெறிப்படி வட்டியைத் தவிர்த்து, தமது சிறு சேமிப்பைக் கொழும்புப் பங்குச் சந்தையில் இட்டிருக்கும் முஸ்லிம் குடும்பங்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. வட்டியை ஏற்பவருக்குத் திறந்திருக்கும் கதவு அதனை ஏற்காதவருக்கு மூடப்பட்டிருப்பது சட்டத்தை வரைந்தோரின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. ஆனால் விளைவு அதுவே.

மலையகத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1990களில் பெருந்தோட்டக் கம்பனிகள் தனியார்மயமாக்கப்பட்டபோது பங்குகளில் 10 வீதம் ஊழியர்களுக்கு இலவசமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவற்றை இன்னும் விற்காமல் வைத்திருக்கும் தொழிலாளிக்குக் கம்பனி பங்கிலாபம் அறிவிக்கும் ஆண்டுகளில் கிடைப்பது சொற்பத் தொகை. அந்தச் சொற்பத்திலும் 15 வீதம் போய்விடுகிறது. நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியுள்ள ஒருவர், நாட்டின் பெரும் பங்குதாரர் செலுத்தும் அதே வீதத்தில் வரி செலுத்துகிறார்.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 43 இலட்சத்துக்கு மேற்பட்ட வருமானம் உடையவரின் சம்பளத்தில் அவ்வெல்லையைக் கடந்த பகுதிக்கு 36 வீத வரி உண்டு. அவரது பங்கிலாபத்துக்கோ 15 வீதம் மாத்திரமே. இதனைச் செல்வந்தருக்கான சலுகை என்று உடனே முடிவுகட்டுவது அவசரமாகும். கம்பனி தனது இலாபத்தின் மீது பொதுவாக 30 வீத வரியைச் செலுத்திய பின்னரே எஞ்சியதைப் பகிர்ந்தளிக்கிறது. 100 ரூபா இலாபத்தில் 30 ரூபா முதலில் போய், மிகுதி 70 ரூபாவில் 10 ரூபா 50 சதம் கழிய, பங்குதாரருக்குச் சேருவது 59 ரூபா 50 சதம். இரண்டும் சேர்ந்து 40.5 வீதமாகின்றன. வரிச்சலுகை பெற்ற கம்பனிகளின் இலாபத்துக்கு இவ்வாதம் பொருந்தாது என்பது வேறு விடயம்.

இந்தக் கணக்கு புறக்கோட்டையிலும் காத்தான்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் குடும்பக் கம்பனி நடத்தும் வர்த்தகர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஆண்டுக்கு 18 இலட்சம் இலாபம் ஈட்டும் சிறிய கம்பனியொன்றின் உரிமையாளர் அதில் உண்மையாகவே வேலை செய்து, அத்தொகையைச் சம்பளமாகப் பெறுவாரானால், அது கம்பனியின் செலவாகிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லையெனில் வருமான வரி எதுவும் எழாது. ஊழியர் சேமலாப நிதிக்கான பங்களிப்பு உண்டுதான், ஆனால் அது அவரது சொந்தச் சேமிப்பு. அதே தொகையைப் பங்கிலாபமாக எடுத்தால் 5 இலட்சத்து 40 ஆயிரம் கம்பனி வரியாகவும், 1 இலட்சத்து 89 ஆயிரம் நிறுத்திவைத்தல் வரியாகவும் போய், 10 இலட்சத்து 71 ஆயிரமே அவரிடம் எஞ்சும். செய்யாத வேலைக்குச் சம்பளம் எழுதுவதை நாம் இங்கு பரிந்துரைக்கவில்லை. கணக்காய்வாளரின் துணையுள்ள பெரிய முதலாளி இவ்வேறுபாட்டை நன்கறிவார். கணக்கேடு கூட ஒழுங்காக வைத்திராத சிறு வர்த்தகர் அறிவதில்லை என்பதே எமது கவலை.

இறுதி வரி முறைமைக்கு நியாயம் கற்பிப்போர் அதன் எளிமையைச் சுட்டிக்காட்டுவர். இலட்சக்கணக்கான சிறு பங்குதாரர்களின் வரித்திரட்டுகளைப் பரிசீலித்து மீளளிப்புச் செய்ய உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வலுவில்லை என்பதும் உண்மையே. ஆனால் வட்டிக்கு அத்தகைய சுமை எதுவும் திணைக்களத்தின் தலையில் ஏற்றப்படவில்லை. வரி அடையாள இலக்கத்துடன் கூடிய ஒரு பிரகடனம் வங்கியிடமே கையளிக்கப்படுகிறது. சர்வதேச நாணய நிதியத்தின் வருமான இலக்குகளைக் குலைக்கக்கூடிய தொகை சிறு பங்குதாரர்களிடம் இருப்பதாகவும் நாம் கருதவில்லை. வங்கிக்கு வழங்கப்படும் அதே பிரகடனத்தைக் கம்பனிகளின் பங்குப் பதிவாளர்களும் ஏற்பதற்கு அடுத்த திருத்தத்தில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டாலே போதுமானது.