ஐந்து நாள் வாரம்

ஜகார்த்தாவில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பாசார் மிங்கு என்று பெயர். பாசார் என்றால் சந்தை. நம் பஜாரின் உடன்பிறப்பு. இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை. மிங்கு என்றால் ஞாயிறு. இது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். திங்கட்கிழமைக்கும் ஒரு ரயில் நிலையம் உண்டு: பாசார் செனென். புதனுக்கு பாசார் ரெபோ, வெள்ளிக்கு பாசார் ஜுமாத். இன்ன கிழமைக்கு இன்ன இடம் என்று டச்சுக்காரர்கள் காலத்தில் வகுக்கப்பட்ட சந்தைகளின் மிச்சம் இவை. செனென் சந்தை தொடங்கியது 1735இல். இப்போது அங்கே தினமும் வியாபாரம், தினமும் நெரிசல். கிழமை கழன்று போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையையும் நாமக்கல் பக்கத்துப் புதன்சந்தையையும் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சந்தை முதலில் ஒரு நாள். பிறகுதான் அது ஓர் இடம்.

ஜகார்த்தா இருக்கும் அதே ஜாவாத் தீவில், உள்ளே கிராமங்கள் பக்கம் போனால், கிழமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது நமக்குத் தெரிந்த கிழமை இல்லை. ஏறக்குறைய தமிழ்நாட்டின் பரப்பளவே உள்ள இந்தத் தீவில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 15 கோடிப் பேர் வசிக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரே சமயத்தில் இரண்டு வாரங்களைக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று, உலகத்துக்கே பொதுவான ஏழு நாள் வாரம். மற்றது, 'பாசாரான்' எனப்படும் ஐந்து நாள் சந்தை வாரம். லெகி, பாஹிங், பொன், வாகே, க்லிவோன் என்று அதன் நாட்களுக்குப் பெயர். (இந்தப் பொன் நம் தங்கம் இல்லை.) இதற்கு இன்னொரு பெயர் 'பஞ்சவார'. நம் நாவில் புழங்கும் அதே 'வாரம்' கடல் தாண்டிப் போய் ஐந்து நாளாகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துத் தீவான பாலியில் சந்தைக்கு மூன்று நாள் வாரம்.

ஐந்து நாளுக்கும் ஐந்து திசை, ஐந்து நிறம். லெகி கிழக்கு, வெள்ளை. பாஹிங் தெற்கு, சிவப்பு. பொன் மேற்கு, மஞ்சள். வாகே வடக்கு, கறுப்பு. க்லிவோன் நடு, எல்லாம் கலந்த நிறம். நடுவில் ஒரு கிராமம், சுற்றி நாலு திசையிலும் நாலு கிராமங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் சந்தை என்பது பழைய ஏற்பாடு. வியாபாரி சுற்றி வருவார். வாங்குபவர் ஐந்து நாளுக்கு ஒருமுறை தன் ஊரிலேயே வாங்கிக்கொள்வார். ஏழையும் ஐந்தையும் பெருக்கினால் 35. ஜாவாக்காரர்கள் பிறந்த நாளைக்கூட இந்த இரட்டைக் கிழமையால்தான் குறிப்பார்கள். இந்தோனேஷியா 1945 ஆகஸ்ட் 17 அன்று சுதந்திரப் பிரகடனம் செய்தது. அன்று வெள்ளிக்கிழமை, லெகி.

இந்த ஏற்பாட்டைச் சுற்றிப் பார்ப்பதும் இப்போது ஒரு சரக்கு. யோக்யகர்த்தாவில் தங்கும் வெளியூர்க்காரர்களுக்கு 'பாரம்பரியக் கிராமச் சந்தைகள்: ஒரு நாள் சுற்றுலா' என்று வேன் வைத்து அழைத்துப் போகிறார்கள். கட்டணத்துக்குள் ஆங்கிலம் பேசும் கைடு, இரண்டோ மூன்றோ சந்தைகள், சந்தைப் பலகாரமே காலை உணவு, கடைசியில் ஒரு பாட்டிக் துணிப் பட்டறை அல்லது வெள்ளிப் பட்டறை. நான் போனது ஒரு சனிக்கிழமை, லெகி. எங்கள் கைடு ஐந்து மணிக்கே ஓட்டல் வாசலில் நின்றார். ஓட்டலில் இலவசக் காலை உணவு ஆறரைக்குத்தான் என்று வேனில் சிலருக்கு மனத்தாங்கல். கிராமச் சந்தை விடிவதற்கு முன் தொடங்கி, வெயில் ஏறும்போது கலைந்துவிடும் என்று அவர் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் சமாதானம் சொல்லவில்லை.

முதலில் கோத்தாகெடே. 'கோத்தா' நம் கோட்டையோடு உறவுள்ள சொல்; 'பெரிய நகரம்' என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டின் மாத்தாராம் அரசுக்குத் தலைநகராக இருந்த ஊர். இப்போது யோக்யகர்த்தாவின் ஒரு மூலை. தினமும் திறக்கும் சந்தைதான். ஆனால் லெகியன்று அது கட்டடத்துக்குள் அடங்குவதில்லை. கூண்டுப் பறவைகள், நாட்டுக்கோழிகள், செடிகள், பழைய இரும்புச் சாமான்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிடுகின்றன. அங்கிருந்து தெற்கே, மாத்தாராம் மன்னர்களின் கல்லறைகள் உள்ள இமோகிரிப் பக்கம் ஒரு கிராமச் சந்தை. தேக்கிலையில் பொதிந்த தெம்பே, சிரட்டையில் வார்த்த தென்னங்கருப்பட்டி, பஞ்ச காலத்தில் சோற்றுக்குப் பதிலாக இருந்து இப்போது பலகாரமாகிவிட்ட மரவள்ளிப் புட்டு. இஞ்சியும் பதிமுகக் கட்டையும் காய்ந்த இலைகளும் சேர்த்துக் கட்டிய பானப் பொட்டலம் ஒன்று. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'குப்பைக் கஷாயம்'. குடித்தால் அமிர்தம்.

விற்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். மூங்கில் கூடையை ஒரு நீளத் துணியால் முதுகில் கட்டிச் சுமந்து வருகிறார்கள். இது நேற்று வந்த வழக்கம் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் ஜாவாவின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ராஃபிள்ஸ், 1817இல் வெளியிட்ட ஜாவா வரலாற்றில், சந்தைக்குப் போவதும் வாங்குவதும் விற்பதும் பெண்களே, கணவன்மார் பணப் பொறுப்பை மனைவியிடமே விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். 1950களில் கிழக்கு ஜாவாவின் பாரே என்ற சிற்றூரில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் க்லிஃபர்ட் கீர்ட்ஸ், ஒரு சரக்கு எத்தனை சின்னக் கைகள் மாறி, ஒவ்வொரு கைக்கும் துளி லாபம் விட்டு நகர்கிறது என்பதை விவரித்திருக்கிறார். வெளியாள் கண்ணுக்கு வீண் சுற்றாகத் தெரிவது, உள்ளே பல குடும்பங்களின் அடுப்பு.

எங்கள் கைடு நன்றாகவே விளக்கினார். அன்றைய முதல் விற்பனைப் பணத்தை வாங்கியதும் விற்பவள் அந்த நோட்டால் மற்ற சரக்கையெல்லாம் மெல்லத் தட்டுவாள்; அதற்கு 'பெங்லாரிஸ்' என்று பெயர் என்றார். வேனில் வந்த ஐரோப்பியர்களுக்கு இதை விளக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நமக்கு ஒரே சொல் போதும்: போணி. கேட்டால் கையளவு அதிகம் போடுவதற்கு 'இம்புஹ்' என்றார். கொசுறு. இந்த மாதிரி இடங்களில் தமிழ் வாசகருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை.

தேவைப்பட்டது வேறோர் இடத்தில். தெம்பே விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியைச் சுற்றி நாங்கள் எட்டுப் பேர் நின்று படம் எடுத்தோம். அவள் கூடையை ஓலைத் தட்டால் மூடிவிட்டு ஏதோ சொன்னாள். நாலைந்து வாக்கியம் இருக்கும். 'காலை வணக்கம் சொல்கிறார், நீங்கள் வந்ததில் சந்தோஷமாம்' என்றார் கைடு. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. மூலத்துக்கும் பெயர்ப்புக்கும் நீளத்தில் இவ்வளவு இடைவெளி இருந்தால் நடுவில் எதையோ விட்டிருக்கிறார்கள் என்று தெரியும். வேனில் திரும்பும்போது தனியாகக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். 'நீங்கள் நிற்கும் இடத்தில்தான் என் வாடிக்கைக்காரிகள் நிற்பார்கள். உங்களைப் பார்த்ததும் அவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் நாளைக்கு வரமாட்டீர்கள், அவர்கள் வருவார்கள்.' இதைத்தான் அந்தப் பெண்மணி சொல்லியிருக்கிறார்.

சுற்றுலாவை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. டூரிஸ்ட் வந்தால் பலகாரக்காரிக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கிறது என்பதும் உண்மை. பார்த்தால்தான் மதிப்புத் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் கைடின் பாடத்திட்டத்தில் இல்லாத சில விஷயங்களும் அந்தச் சந்தையில் நடக்கின்றன. சந்தை ஊழியர் அன்றன்றைய கட்டணத்துக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டு வருகிறார். அவர் பின்னாலேயே 'பாங்க் தித்தில்' ஆட்கள் வருகிறார்கள். தித்தில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவது. அதாவது, தினத்தண்டல் வட்டிக்காரர்கள். சந்தைக்கு வெளியே சாலை திரும்பும் இடங்களிலெல்லாம் குளிர்சாதனம் போட்ட சின்னக் கடைகள். இந்தோமாரெட், அல்ஃபாமார்ட் என்ற இரண்டு சங்கிலிக் கடைகளுக்கு மட்டும் நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள். இவற்றுக்கும் பழைய சந்தைகளுக்கும் இடையே இடைவெளி விடுவதற்காக 2007இல் ஜனாதிபதி ஆணை ஒன்றே போட வேண்டியிருந்தது. கிழவியின் கூடைக்குப் போட்டி அங்கிருந்து வருகிறது. வாடிக்கைக்காரி அடுத்த வரிசைக்குப் போனால் திரும்பி வரலாம். சாலைத் திருப்பத்துக்குப் போனால் வருவது கஷ்டம்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். இந்தோனேஷிய அரசு இந்தச் சந்தைகளை நெடுங்காலம் 'பாரம்பரியச் சந்தை' என்றே குறிப்பிட்டு வந்தது. 2014இல் வந்த வர்த்தகச் சட்டம் அதை மாற்றி 'பாசார் ரக்யாத்', மக்கள் சந்தை, என்று எழுதியது. பாரம்பரியம் என்றால் நேற்றையது. மக்கள் என்றால் இன்றும் இருப்பவர்கள். பெயரை மாற்றினால் கூரை ஒழுகுவது நின்றுவிடாது என்றாலும், திருத்தம் சரியானதுதான். ஆனால் சட்டம் கைவிட்ட சொல்லைச் சுற்றுலாப் பிரசுரங்கள் விடுவதாக இல்லை. அந்தக் கிழவி பாரம்பரியம் எதையும் விற்கவில்லை. தெம்பே விற்கிறாள். அன்றைக்கு விற்காவிட்டால் அது கெட்டுப்போகும்.

பார்வையாளர்களுக்காகவே சந்தை நடத்துவது என்றால் அதற்கும் மரியாதையான வழி இருக்கிறது. மத்திய ஜாவாவின் தெமாங்குங் மாவட்டத்தில் ஙாதிப்ரோனோ என்ற கிராமத்தில், குப்பை கொட்டிக்கொண்டிருந்த மூங்கில் தோப்பைச் சுத்தம் செய்து 'பாசார் பாப்ரிங்கான்' என்ற சந்தையை நடத்துகிறார்கள். மர ரேடியோ வடிவமைத்து உலகப் புகழ்பெற்ற சிங்கி சுசீலோ கார்தோனோவின் முயற்சியில் உருவானது. பிளாஸ்டிக் கிடையாது. நுழைவாயிலில் பணத்தைக் கொடுத்து மூங்கில் வில்லைகளாக மாற்றிக்கொள்ள வேண்டும்; ஒரு வில்லைக்கு 2000 ரூப்பியா. விற்பவர்கள் கிராமத்தார், வாங்குபவர்கள் பெரும்பாலும் நகரத்திலிருந்து வருபவர்கள். இதில் ஒளிவுமறைவு இல்லை. எனக்குப் பிடித்தது அவர்கள் தேர்ந்தெடுத்த நாள். ஞாயிறும் பொன்னும் சேரும் நாள், ஞாயிறும் வாகேயும் சேரும் நாள். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று மாறி மாறி வரும். வெளியூர்க்காரருக்காக ஞாயிறு, ஊருக்காகப் பாசாரான். வர விரும்புகிறவர் கணக்குப் பார்த்துத்தான் வர வேண்டும்.

பழைய சந்தைகளுக்கும் விருந்தாளிகளிடமிருந்து வேண்டியது இந்தக் கணக்குதான். சந்தையின் நாளில் போக வேண்டும், சந்தையின் நேரத்தில் போக வேண்டும், எட்டுப் பேராக நிற்காமல் இரண்டு பேராக ஒதுங்க வேண்டும். படம் எடுப்பதற்கு முன் எதையாவது வாங்க வேண்டும். வாங்கியதும் இடத்தைவிட்டு நகர வேண்டும். எந்த நாளில் வந்தாலும் சந்தை காட்டுகிறேன் என்று சொல்லும் கம்பெனி எதைக் காட்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஐந்து நாளும் ஆள் வந்தால், ஐந்து நாளும் அதே இடத்தில் கூடையோடு உட்கார யாராவது கிடைப்பார்கள். மற்ற நாலு ஊர்களிலும் அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள்தான் ஏமாந்து போவார்கள்.

அன்று மதியம் வேனிலிருந்து இறங்கும்போது ஒரு தம்பதி கைடிடம், அடுத்த சனிக்கிழமை நண்பர்களை அழைத்து வருகிறோம், இதே பறவைச் சந்தையைக் காட்டுவீர்களா என்று கேட்டார்கள். நல்ல வியாபாரம், அதுவும் கைக்கு வந்த வியாபாரம். அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் காலண்டரை எடுத்து விரலால் எண்ணினார்.

'அடுத்த சனி, பொன். பறவைக்காரர்கள் வேறு ஊரில் இருப்பார்கள். வியாழக்கிழமை வாருங்கள்' என்றார். 'ஐந்து மணிக்கு.'