இருமல் இல்லாத காசநோய்

இரண்டு வாரமாக இருமலா, மாலையில் காய்ச்சலா, எடை குறைகிறதா? காசநோய் முகாம்களில் கேட்கும் கேள்விகள் இவை. கருக்குழாயிலோ கருப்பையிலோ காசநோய் உள்ள பெண் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்பார். சிலருக்கு மாதவிலக்கு குறையும், அடிவயிறு வலிக்கும். பலருக்கு அதுவும் கிடையாது. கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் கரு தங்கவில்லையே என்று மருத்துவமனைக்கு வரும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. ‘விசேஷம் இல்லையா’ என்ற விசாரிப்புகளை அதற்குள் ஊர் முழுக்கக் கேட்டிருப்பார்.

எப்போதோ நுரையீரலில் புகுந்த கிருமி, ரத்தம் வழியாக முதலில் கருக்குழாய்களில் இறங்குகிறது, பெரும்பாலும் இரண்டிலும். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அங்கிருந்து கருப்பையின் உட்சவ்வுக்கும் பரவுகிறது. ‘டியூப் டெஸ்ட்’ எனப்படும் சாய எக்ஸ்ரேயில் நல்ல குழாய் மெல்லிசாக வளைந்து தெரியும். காசநோய் அரித்த குழாய், மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாகவோ நெளிவே இல்லாமல் விறைத்தோ கிடக்கும். குழாய் மட்டும் கெட்டிருந்தால் ஐவிஎஃப் கைகொடுக்கலாம். உட்சவ்வு தழும்பேறிக் கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்டால் கரு பதிய இடமே இராது. ஆறு மாத மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பைக் கரைக்காது.

ஆகவே சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். அது சுலபமில்லை. சளியில் மொய்ப்பதுபோல இங்கே கிருமிகள் மொய்ப்பதில்லை. சோதனை முடிவு ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் நோயே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்தில்தான் எதிர்த் தவறும் நடக்கிறது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சீட்டை வைத்தே காசநோய்க் கூட்டுமருந்தைத் தொடங்கிவிடும் மருத்துவர்கள் உண்டு. செத்த கிருமியின் மரபணுத் துணுக்குக்கும், ஆய்வகத்தில் கலந்த மாசுக்கும்கூட அந்தச் சோதனை ‘பாசிட்டிவ்’ காட்டக்கூடும். மருந்தோ கல்லீரலைப் பதம்பார்க்கக் கூடியது.

காசநோயை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அதே சென்னையில் இன்று தெருவுக்குத் தெரு கருத்தரிப்பு மையங்களின் விளம்பரங்கள். அந்த மையங்களில் இருப்பவர்கள் உட்படத் தனியார் மருத்துவர்களும் காசநோயாளிகளின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் விதி. ஆனால், மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பெண்ணே கெஞ்சும்போது எத்தனை பேர் தெரிவிப்பார்கள்?

நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். குழந்தையின்மைக்காக வருபவரிடம், உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ எப்போதாவது டி.பி. வந்ததா என்று மகளிர் பிரிவில் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் மாதவிலக்குக்குச் சற்று முந்தைய நாட்களில் உட்சவ்வுத் துணுக்கை எடுக்கலாம். பல இடங்களில் அதை முழுவதுமாக ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். அதில் கிருமி செத்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வழியே இல்லாமல் போகும். திசுப் பரிசோதனைக்குப் பாதியை ஃபார்மலினில் போட்டுவிட்டு, மறுபாதியை சலைனில் போட்டுக் காசநோய் ஆய்வகத்துக்கு அனுப்ப இன்னொரு குப்பி போதும்.