அந்தப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

குமாரபாளையம் நகரப் பொதுமக்களுக்கு,

சென்ற மாதம் நம் ஊர்த் தறிக்காரர் ஒருவருக்கு நேர்ந்தது இதற்குள் கடைவீதி முழுக்கப் பேச்சாகிவிட்டது. பித்தப்பைக் கல்லுக்கு ஈரோட்டில் அறுவை சிகிச்சை. பில் 1,38,000 ரூபாய். கையில் 5 லட்சத்துக்குப் பாலிசி இருந்தது, மூன்றாம் ஆண்டு பிரீமியமும் கட்டியாயிற்று. ஆனாலும் கிளைம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். சர்க்கரை நோயை மறைத்தாராம். பித்தப்பைக் கல்லுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இல்லை. பாலிசியையே ரத்து செய்து கடிதம் வந்தது. வீட்டு நகை அடகுக்குப் போன பிறகுதான் அவர் வீடு திரும்பினார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. பாலிசி எடுத்தபோது தறிக்கூட வாசலில் நின்றபடியே படிவத்தை நிரப்பினார் ஏஜென்ட். "சுகர் மாத்திரை போடறேன்" என்று இவர் சொல்லியும் இருக்கிறார். "அதெல்லாம் எழுதுனா லேட்டாகும்ணா, விடுங்க" என்று எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கமிஷன் அவருக்கு, கையெழுத்து நம்முடையது. இந்தப் படிவங்களின் அடியில், கேள்விகள் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன என்ற உறுதிமொழியும் இருக்கும். அதுவும் ஆங்கிலத்தில்! பிறகு ஒருநாள் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் கேட்கிறார். "ஆறு வருசமா சுகருங்க" என்று நோயாளி உள்ளதைச் சொல்கிறார். அது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. கம்பெனி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

உண்மையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரீமியம் சற்றுக் கூடியிருக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். 2024 விதிகளின்படி அந்தக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து ஆண்டு விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, 'நீ சொல்லவில்லை' என்ற பேச்சையே கம்பெனி எடுக்க முடியாது.

ஒருவர் தலையெழுத்து என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2023-24 ஆண்டறிக்கையைப் பாருங்கள். அந்த ஆண்டு மருத்துவக் காப்பீட்டில் கேட்கப்பட்ட தொகை சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுத்தது 83,493 கோடி, அதாவது 71 சதவீதம். நிராகரித்தது மட்டும் 10,937 கோடி. எல்லா நிராகரிப்பும் அநியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மனு எழுதித் தரும் எங்களிடம் வரும் மறுப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது அடுத்தவர் நிரப்பிய படிவத்தைத்தான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. நான்கு தறி ஓட்டுகிறவர் பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். தனியார் பாலிசிதான் கதி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியதும், 'வரி போயிடுச்சு, இப்பவே போடுங்க' என்று ஆட்கள் தறிக்கூடம் தறிக்கூடமாக வருகிறார்கள். போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? படித்துவிட்டுப் போடுங்கள்.

பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்திப் பார்க்கிற ஊர் இது. அடுத்த பல ஆண்டுக்கான காகிதத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்கிறோம். படித்த பிள்ளைகளும் இதில் சளைத்தவர்கள் அல்லர். பெங்களூருவில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போனிலேயே பாலிசி எடுக்கிறவர், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பாலிசியோடு படிவத்தின் நகலும் வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதில் தவறு இருந்தால் உடனே எழுத்து மூலம் திருத்துங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பியும் கொடுக்கலாம். அறை வாடகை வரம்பையும் பாருங்கள்: 5,000 ரூபாய் வரம்புள்ளவர் 8,000 ரூபாய் அறையில் படுத்தால், டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டப்படலாம்.

கிளைம் மறுக்கப்பட்டவர்கள் ஏஜென்ட் பின்னால் அலைய வேண்டாம். எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்பதைக் கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும். அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை; 50 லட்சம் வரை இழப்பீடு தர உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. நம் தறிக்காரரின் மனுவும் அங்கேதான் போகிறது. ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் புகார் சொல்லலாம்.

நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு முன்னாள் வங்கி ஊழியர், சில தறி உரிமையாளர்கள். எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் அல்லோம், காசும் வாங்குவதில்லை. பாலிசி எடுக்கும் முன் படிவத்தைக் கொண்டுவாருங்கள், வரிவரியாகத் தமிழில் சொல்கிறோம். 'இல்லை' என்று யாரோ எழுதியதன் கீழ் தெரிந்தே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி பில்லோடு ஓடிவருகிறவர்களுக்கு மனு எழுதித் தருவதைத் தவிர எங்களால் எதுவும் செய்ய முடியாது.