பூச்சுக்கு முன்னே…

மேடவாக்கத்து வாசகர்களே! புதுக் கார் வாங்கி, "மெழுகா, செராமிக் கோட்டிங்கா?" என்று தவிக்கிறீர்களா?

பிரேஸில் நாட்டுப் பனையோலையில் எடுக்கும் கார்னோபா மெழுகு, கறுப்பு வண்டிக்கு அபார மெருகு கொடுக்கும்; ஆனால் நம் வெயிலில் சில வாரங்களே தங்கும். சிலிக்கா கலந்த செராமிக், நன்கு பராமரித்தால் வருஷக் கணக்கில் நிற்கும். செலவும் அதற்கேற்ப! விளம்பரத்தில் வரும் '9எச்' வைரத்தின் உறுதி அல்ல. பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனை. கல் தெறித்தால் இரண்டும் தாங்கா.

எதைப் பூசினாலும், வர்ணத்தின் மேலுள்ள கிளியர் கோட்டில் கீறல் இருந்தால் முதலில் பாலிஷ் போட வேண்டும். இல்லையேல் கீறலுக்கும் சேர்த்துக் காவல் வைத்ததாகும்! அதற்காக அடிக்கடி பாலிஷும் கூடாது. கிளியர் கோட் தலைமயிர்ப் பருமன்கூட இராது. ஒவ்வொரு பாலிஷும் அதைக் கொஞ்சம் தின்னும். தின்றது திரும்பாது.

கடைசியாக ஒன்று. உப்புப் போர்த் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், செராமிக் மேலும் வெள்ளைத் திட்டு விழும். நிழலில் கழுவுங்கள், ஈரம் காயுமுன் மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். காசில்லாத கோட்டிங் அதுதான்!