போன் உங்களுடையது, ஃபைல் யாருடையது?

வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் அதற்குச் சொந்தக் கப்பல் கிடையாது என்பது பலருக்கு மறந்திருக்கும். வாடகைக் கப்பல்தான். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் கப்பல் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்கள் வந்தன.

நாளைக்குத் திருச்செந்தூரில் பஸ் ஏறி, தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸ்களில் கணக்கு எழுதப் போகும் பி.காம். நண்பர்களே, அங்கே மேஜை மேல் இருக்கும் ஐபி போனைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே வாடகைக் கப்பல் கதைதான்!

நெட்வொர்க் ஒயரைச் செருகியதும் டிஎச்சிபி சர்வர் போனுக்கு ஒரு ஐபி முகவரி கொடுக்கும். கூடவே ‘ஆப்ஷன் 66’ வழியாக, "உன் ஃபைல் இன்ன இடத்தில் இருக்கிறது" என்றும் சொல்லும். போன் அங்கே போய், தன் மேக் முகவரியைப் பெயராகக் கொண்ட கான்ஃபிக் ஃபைலை இறக்கிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள் இருக்கும். ஐம்பது போன் என்றாலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து தட்ட வேண்டாம். அருமையான ஏற்பாடு, சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த ஃபைல் யாரிடம் இருக்கிறது? சேவை தரும் கம்பெனியின் சர்வரில் என்றால் சிக்கல் அங்கேதான். சில தயாரிப்பாளர்களின் போனை ரீசெட் செய்தால் அது முதலில் தயாரிப்பாளரின் சர்வரைத்தான் கேட்கும். அங்கே மேக் முகவரி பழைய கம்பெனி பெயரில் பதிவாகியிருந்தால், அவர்கள் விடுவிக்கும் வரை போன் அவர்கள் வாசலிலேயே போய் நிற்கும். பேலன்ஸ் ஷீட்டில் சொத்து, கடிவாளம் அடுத்தவர் கையில். இதற்குத் தேய்மானம் வேறு எழுத வேண்டுமாம்!

"சொந்தமாக வைத்தால் யார் பார்த்துக்கொள்வது?" என்பார்கள். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. 1981-ல் வந்த டிஎஃப்டிபி முறையில் பாஸ்வேர்டு கேட்கும் வழக்கமே இல்லை. மேக் முகவரியின் 12 எழுத்தில் முதல் 6 தயாரிப்பாளரின் குறி. மிச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்க்க ஒரு சின்ன புரோகிராம் போதும். சர்வரை இன்டர்நெட்டில் திறந்து வைத்தால், எவனோ ஃபைலை எடுத்து ராத்திரியில் வெளிநாட்டுக்குப் பேசுவான். பில் ஆபீஸுக்கு வரும். எச்டிடிபிஎஸ், லாகின் இரண்டையும் போட்டு வைப்பதுதான் இதற்கு மருந்து. ஃபைலை அடுத்தவரிடம் ஒப்படைப்பது மருந்தல்ல.

ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: கான்ஃபிக் ஃபைல்களின் நகல் ஆபீஸுக்கு, விலகும்போது மேக் முகவரிகள் விடுதலை. எழுதித் தர மறுப்பவரிடம் போன் வாங்காதீர்கள். வாடகைக் கப்பலை நம்பியவர் பட்ட பாடு இந்தத் துறைமுகத்துக்குத் தெரியும்.