பாகன் போனால் யானையைச் சுடுவதா?

"கம்பெனிக்காரனே கைகழுவிவிட்ட பெட்டி சார் இது. இதில் இனிமேல் கைவைப்பது வீண் வேலை" என்றான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பையன். சொல்லிவிட்டு, போனால் போகிறதென்று அதை எண்ணூறு ரூபாய்க்குத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னான்.

பெட்டி என்னுடையதல்ல. தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் ஜாப் டைப்பிங் செய்து பிழைக்கும் ஓர் அம்மாளுடையது. என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர், அவர் ஒருவர். (மற்றவர் நானல்ல.) 2016ல் வளையலை அடகு வைத்து வாங்கிய டெஸ்க்டாப் அது. பட்டா மாறுதல் மனு, முதியோர் பென்ஷன் மனு, பாகப் பிரிவினைப் பத்திரத்தின் நகல், இடையிடையே என் நாவல்களின் அத்தியாயங்கள் என்று எல்லாம் அதன் வழியாகத்தான் போயிருக்கின்றன. அதற்கு இன்றுவரை ஒரு நோவும் கிடையாது. விசிறி சுற்றுகிறது, திரை எரிகிறது. கீபோர்டில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் சற்று அழுத்தி அடிக்க வேண்டும். அவ்வளவுதான். இதைத்தான் செத்துப்போயிற்று என்கிறார்கள்.

நடந்தது இது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொள்வதாக மைக்ரோஸாப்ட் கம்பெனி அறிவித்தது. அப்படியே முடித்தும் கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, இந்தப் பெட்டிக்குள் காலெடுத்து வைக்க மறுக்கிறது. உள்ளே இருக்கும் இன்டெல் ப்ராஸஸர் ஆறாவது தலைமுறையாம். கம்பெனியின் ஜாபிதாவில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் பேர் இருக்கிறது. எட்டாவது தலைமுறை பிறந்தது 2017ல். அதற்கு ஒரு வருஷம் முன்னால் கடைக்குப் போய்ப் பணம் கட்டியவர்கள் பாவம் செய்தவர்கள்.

இயங்குதளம் என்பது யானைக்குப் பாகன் மாதிரி. யானையின் பலம் யானையினுடையது. பாகன் சொன்னால்தான் அது நடக்கும், படுக்கும், துதிக்கையைத் தூக்கும். பாகன் ஒருநாள் "எனக்கு இந்த யானை வேண்டாம்" என்று அங்குசத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டால் என்ன செய்வார்கள்? வேறு பாகனைத் தேடுவார்கள். யானையைச் சுட்டுவிடு என்று சொல்கிறவனை ஊரே காறித் துப்பும். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்கிறவனுக்கு நிபுணன் என்று பெயர்.

என் நண்பர் ஒருவர் கம்பெனியின் கட்சி. "எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் ஐயா" என்கிறார். டி.பி.எம். என்று ஒன்று, ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் குட்டி இரும்புப் பெட்டி, அதன் 2.0 பதிப்பு வேண்டுமாம். நல்ல ஏற்பாடுதான். புதிய ப்ராஸஸர்களில் சில காவல் வேலைகள் சுளுவாக நடக்கின்றன என்பதும் வாஸ்தவம். ஆனால் ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் பலவற்றில் அந்த 2.0 இருந்தும் கதவு திறக்கவில்லை. அதே சமயத்தில், மைக்ரோஸாப்ட் தானே செய்து விற்ற ஸர்பேஸ் ஸ்டூடியோ 2 என்ற விலையுயர்ந்த மேஜைக் கம்ப்யூட்டருக்குள் இருந்ததும் ஏழாம் தலைமுறைச் சில்லுதான். 2021 ஆகஸ்டில் அந்தச் சில்லும், விலை கூடிய வேறு சிலவும் ஜாபிதாவில் ஏறிவிட்டன. பந்தியில் இடமில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்டவன், மாப்பிள்ளையின் தம்பி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனிடம் போய்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்?

அப்படியானால் விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொண்டு காலந்தள்ளலாமே என்பார்கள். கூடாது. ஓட்டை அடைக்க ஆளில்லாத வீட்டில் குடியிருப்பது போல அது. அந்த அம்மாளின் பெட்டிக்குள் ஊரார் ஆதார் எண்ணும் சர்வே நம்பரும் கிடக்கின்றன. இன்டர்நெட் கம்பியும் செருகியிருக்கிறது. கம்பெனியும் 2025ல் ஒரு தவணை கொடுத்தது: முப்பது டாலர் கட்டினாலோ, தன் கணக்கில் சேர்ந்து வேறு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டாலோ, 2026 அக்டோபர் வரை ஓட்டை அடைத்துத் தருவதாக. ஆயுளை நீட்டவில்லை, தூக்குத் தேதியைத் தள்ளி வைத்தது. இன்னொரு மார்க்கமும் உண்டு. சோதனைகளை ஏய்த்து விண்டோஸ் 11ஐ உள்ளே நுழைத்துவிடும் சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். கொல்லைப்புறமாகப் போய்ப் பந்தியில் உட்காருகிற காரியம். எந்த நிமிஷம் இலையிலிருந்து எழுப்புவார்களோ என்று சாப்பிட வேண்டும்.

ஆகவே நாங்கள் பாகனை மாற்றினோம்.

1991ல் பின்லாந்தில் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் சொந்த 386 கம்ப்யூட்டருக்காக எழுதத் தொடங்கியது லினக்ஸ். இன்று அது பல உருவங்களில் காசில்லாமல் கிடைக்கிறது. நாங்கள் எடுத்தது லினக்ஸ் மின்ட். சுமார் மூன்று ஜி.பி. இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினோம். பெட்டியைப் போடும்போதே குறிப்பிட்ட விசையை அழுத்தினால், வட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே அது ஓடுகிறது. பெண் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்துகொள்கிற இந்த மரியாதையை வேறு எந்தக் கம்பெனியும் எனக்குக் காட்டியதில்லை. ஓடிப் பார்த்தது, திரை, சத்தம், நெட் எல்லாம் சரி. அந்த அம்மாளின் பைல்களை முதலில் வேறு வட்டில் பத்திரப்படுத்தினோம். (இதைச் செய்யாமல் இறங்குகிறவனுக்காக அனுதாபப்பட மாட்டேன், நிறுவும்போது வட்டு துடைக்கப்படுகிறது.) பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டோம். அந்தச் செலவு ஒன்றுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தவர்கள் எட்டு மணிக்குக் காபி குடித்தோம்.

லினக்ஸ் பக்தர்கள் இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்வார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. தொல்லையே இல்லை என்று சொல்லிச் சொல்லித்தான் வந்தவர்களையெல்லாம் ஓட்டிவிட்டார்கள். தொல்லை உண்டு. பேஜ்மேக்கர் ஓடவில்லை, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் யோசித்துத்தான் இறங்க வேண்டும். பழைய மனுக்கள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருந்ததால் திறந்தவுடன் பூச்சி பூச்சியாகத் தெரிந்தன. எழுத்துருக்களைத் தேடிக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் தமிழாயின. அந்த அம்மாள் பழகியது பழைய டைப்ரைட்டர் முறை. அதுவும் லினக்ஸில் இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆயிற்று. லினக்ஸும் சிரஞ்சீவி அல்ல. டோர்வால்ட்ஸ் முதலில் எழுதிய அதே 386க்கான ஆதரவை 2012ல் நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சில்லு பிறந்தது 1985ல். இருபத்தேழு வருஷம் சுமந்துவிட்டு இறக்கி வைத்தவனையும், ஒன்பதாவது வருஷத்தில் தள்ளிவிட்டவனையும் ஒரே தராசில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

"படிக்காத ஜனங்களுக்கு இதெல்லாம் நடக்குமா?" என்று நண்பர் கேட்கிறார். பக்கத்துக் கேரளத்தில் சர்க்கார் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பல வருஷங்களாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். இங்கேயும் 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு கூட, ஸி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த பையன்கள் முதல் வாரமே அதை அழித்துச் சினிமாவுக்கு இடம் பண்ணிக்கொண்டார்கள். வாத்தியார்களும் அது எதற்கென்று சொல்லவில்லை. எண்ணூறு ரூபாய் பேசிய ரிப்பேர்க்காரப் பையனும் அந்த லேப்டாப் வாங்கியவன்தான். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவனிடம் போகும் பெட்டிகள் காயலான் கடைக்குப் போகும், அங்கிருந்து டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களுக்குப் போகும். அங்கே செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கின்றன. 2022ஆம் வருஷத்தில் மட்டும் உலகம் கழித்துப் போட்ட மின்சாமான் 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அறிக்கை கணக்குச் சொல்கிறது. அந்தக் குப்பையில் எத்தனை பெட்டி நிஜமாகவே செத்தது என்று யாராவது கணக்கெடுத்தால் தேவலை.

ஒன்று மட்டும் இன்னும் பணியவில்லை: அச்சு யந்திரம். அதை ஓட்டும் மென்பொருளை அதன் கம்பெனி லினக்ஸுக்குச் சரிவரக் கொடுக்கவில்லை. அதன் ரகசியத்தையும் வெளியில் விடவில்லை. இதே வியாதியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொல்வதுண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், காகிதம் சிக்கினால் தகவல் சொல்லும்படி அச்சு யந்திரத்தின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூல நிரலைக் கேட்டபோது, தரமாட்டேனென்று கையெழுத்துப் போட்டிருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் கோபம் வளர்ந்து 1983ல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். இன்றைய லினக்ஸில் பாதி உடம்பு அதுதான்.

இந்த அம்மாள் கோபப்படவில்லை. மனுவைப் பி.டி.எப். ஆக்கிப் பென்டிரைவில் போட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தனுப்புகிறார்; பக்கத்துக்கு இரண்டு ரூபாய் அங்கே போகிறது. "பரவாயில்லை சார், பெட்டி இருக்கிறதே" என்கிறார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அச்சு யந்திரக் கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அவரே டைப் அடித்துக் கொடுத்தார். பதில் வரவில்லை, மூன்றாவதை இன்று தபாலில் சேர்த்தேன்.