கூண்டில் ஒன்று, முந்திரிக் கிளையில் ஒன்று

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களைக் கடந்து முந்திரித் தோப்புகளின் பக்கம் சென்றால், கள்ளிப்புறாவின் கூவலைக் கேட்கலாம். மணல் நிற உடல். பிடரியில் மை தீட்டினாற்போல் ஒரு கறுப்பு அரைவளையம். கடைகளில் கூண்டிலிட்டு விற்கப்படும் வெளிர்நிறப் புறாவுக்கும் அதே அரைவளையம் உண்டு. எனவே, "இதைப் பிடித்துப் பழக்கியதுதானே அது?" என்று மதரஸாப் பிள்ளைகள் கேட்கின்றனர். பெரியவர்கள் பலரது எண்ணமும் அதுவே. உண்மை அதுவன்று.

மாடப்புறாவின் கதை வேறு. பந்தயத்துக்குப் பறப்பதும், கர்ணம் அடிப்பதும், வாலை விசிறியாய் விரிப்பதும் யாவும் காட்டு மாடப்புறாவின் வழித்தோன்றல்களே. டார்வின் 1859-இலேயே இதனை விரித்துரைத்தார். ஹஜ்ஜுக்குச் சென்று வந்தோர் மக்காவின் ஹரமில் கூட்டங்கூட்டமாய்க் கண்டதும் அந்த இனத்தைத்தான். கூண்டிலுள்ள வளையப்புறாவோ ஆப்பிரிக்க வழி வந்தது. அதன் காட்டு உறவுகள் சஹாராவின் தென்விளிம்பிலும் அரபகத்தின் தென்மேற்கு ஓரத்திலும் வாழ்கின்றன. லின்னேயஸ் 1758-இல் 'சிரிக்கும் புறா' எனப் பொருள்படப் பெயர் சூட்டியது அதன் வீட்டு வடிவத்துக்கே.

கண்ணை விடக் காதை நம்புங்கள். கள்ளிப்புறா மூன்று அசையாகக் கூவும். அழுத்தம் நடு அசையில். வீட்டுப்புறா ஒரு குறுங்கூவலுக்குப் பின் அடுத்ததை உருட்டி நீட்டும். இடையிடையே நகைப்பது போலவும் ஒலிக்கும்.

ஒன்றை மனிதன் கூண்டில் சுமந்து சென்றான். மற்றொன்று தன் சிறகை நம்பிப் புறப்பட்டது. நம் கள்ளிப்புறாவின் இனம் 20-ஆம் நூற்றாண்டில் துருக்கியிலிருந்தும் பால்கன் நாடுகளிலிருந்தும் ஐரோப்பாவெங்கும் பரவி, 1955-இல் இங்கிலாந்தில் கூடு கட்டிற்று!

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. இரக்கத்தால் கூண்டைத் திறந்து, "உன் இனத்தோடு போய்ச் சேர்" என அனுப்புவோர் உண்டு. தலைமுறை தலைமுறையாய் மனிதன் கையில் தீனி உண்ட பறவைக்குப் பூனையையும் வல்லூறையும் அஞ்சத் தெரியாது. பெரும்பாலும் விரைவில் இரையாகிவிடும். தப்பிப் பிழைத்தால் கள்ளிப்புறாவோடு இணைந்து கலப்பினக் குஞ்சுகளைப் பொரிக்கவும் கூடும். காட்டுப் புறாவின் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து வளர்ப்பதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அக்குஞ்சின் முதல் உணவு, தாயும் தந்தையும் தம் தொண்டைப் பையில் சுரந்து ஊட்டும் பால். நம் வீட்டு அரிசிக் கஞ்சி அதற்கு ஈடாகாது.

சிறகு முளைத்த குஞ்சு தரையில் கிடந்தால், பூனையை அப்புறப்படுத்திவிட்டு, குஞ்சை அருகிலுள்ள கிளையில் வைத்து விலகி நில்லுங்கள். பெற்றவை அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.